நாற்றம் போன தெரு

தேவ்நாரில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். மூக்கு போதும். ஒரு பக்கமிருந்து வீசினால் குப்பைமேடு, மறுபக்கமிருந்து வீசினால் கசாப்புக்கூடம். குப்பைமேடு 1927 முதல் பம்பாயின் கழிவை வாங்கி வாங்கி மலையாகிவிட்டது. கசாப்புக்கூடம் 1971-இல் பாந்த்ராவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் முதல் அரை மணி நேரம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த அரை மணிகூடத் தேவைப்பட்டதில்லை. நான் தாராவியில் பிறந்தவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தாத்தா அங்கே ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். பாந்த்ரா கசாப்புக்கூடத்துத் தோல் உப்புத் தடவி வரும். அதை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் வழித்து, சவ்வு சீவி, பட்டையும் கடுக்காயும் போட்ட தண்ணீரில் நாள்கணக்கில் புரட்ட வேண்டும். தாத்தாவின் விரல்நுனிகள் சாகும்வரை காவி நிறத்தில்தான் இருந்தன. "உங்க தாத்தா தெருமுனைக்கு வந்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். உடனே சோத்துப்பானைய எறக்கிருவேன். கடியாரம் எதுக்கு?" என்பாள் ஆச்சி.

போன குளிர்காலத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கொல்கத்தா போனேன். கல்யாணம் முடிந்து ஒரு பகல் மிச்சமிருந்தது. எல்லாரும் விக்டோரியா மெமோரியலுக்குக் கிளம்ப, நான் டாக்சிக்காரரிடம் டாங்ரா என்றேன். "சாப்பிடவா?" என்றார். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று எல்லாரும் கேட்கிற கேள்வி அதுதான்.

டாங்ரா நகரத்தின் கிழக்கு ஓரம். பக்கத்திலேயே தாபா, கொல்கத்தாவின் குப்பைமேடு. எனக்கு உடனே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து குடியேறித் தோல் பதனிட்டவர்கள் ஹக்காச் சீனர்கள். சீனாவின் தெற்கே குவாங்டாங் மாகாணத்து மெய்சியான் வட்டாரத்துக்காரர்கள். ஹக்கா என்றால் 'விருந்தாளிக் குடும்பம்'. வடக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து வந்தவர்களுக்கு, முன்பே அங்கிருந்தவர்கள் வைத்த பெயர். நூற்றாண்டுகள் ஓடியும் விருந்தாளி விருந்தாளிதான்.

கொல்கத்தாவில் சீனர்களுக்குள்ளேயே தொழில் பிரிந்திருந்தது. கான்டன்காரர்கள் தச்சர்கள், ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியர்கள், ஹக்காக்களுக்குச் செருப்பும் தோலும். சாதி பார்த்து மற்றவர்கள் தொடாத தொழில், நாற்றத்துக்குப் பயந்து மற்றவர்கள் வராத நிலம். இரண்டும் காலியாகக் கிடந்தன. தாராவிக் கழிமுகத்தில் எங்கள் ஆட்கள் வந்து இறங்கியதும் இதே கணக்கில்தான்.

தெருவுக்குள் நுழைந்தால் இருபக்கமும் உயர்ந்த மதில்கள், லாரி நுழையும் அளவுக்குப் பெரிய இரும்புக் கதவுகள். கதவின் இருபுறமும் வெயிலில் வெளிறிய சிவப்புத் தாளில் சீன எழுத்து. சில கதவுகளுக்கு மேலே மட்டும் உணவகத்தின் மின்விளக்குப் பலகை. நான் போனது காலை பதினோரு மணி. ஒரு பையன் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். தெரு முழுக்க சோயா சாஸும் காய்ந்த எண்ணெயும் மணத்தன. நான் தேடி வந்த வாசனையைக் காணோம்.

அந்த உணவகத்தில் முதல் ஆள் நான்தான். கல்லாவில் இருந்த பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். வங்காள வாடை அடிக்கும் இந்தியில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். தேவ்நார் என்றேன்.

"கசாயிகானா இருக்கிற தேவ்நாரா?"

ஆமாம் என்றதும் கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார். சாப்பாட்டு மேசைகள் கிடந்த கூடம்தான் அவர்களுடைய பழைய தோல் ஷாப். இந்த மேசைக்குக் கீழே தொட்டி, அந்த மூலையில் ஆளுயரத்துக்கு மேல் மர டிரம், மாடியில் தோல் காயும், அதற்குப் பக்கத்திலேயே குடும்பம் படுத்துக்கொள்ளும் என்று கையால் வரைந்து காட்டினார். பிறகு குனிந்து சுவரின் அடிப்பாகத்தைத் தொட்டார். பளபளக்கும் பெயின்டுக்கு மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் கீறினால் உதிர்ந்தது. "உப்பு. மூன்று தடவை பூசியாயிற்று. தோல் விட்டுப்போன உப்பு, வந்துகொண்டேதான் இருக்கும்" என்றார். சுண்டுவிரலில் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. பெரியவர் சிரித்தார்.

1962 சீனப் போரைப் பற்றி நானாகக் கேட்கவில்லை, அவரே சொன்னார். அப்போது சுமார் மூவாயிரம் இந்தியச் சீனர்களை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அசாம், டார்ஜிலிங் பக்கத்தவர். சிலருக்கு வெளியே வர 1967 வரை ஆயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி கட்டியபடியே இருந்தது என்றார். டொரன்டோவுக்குப் போனவர்கள் அதிகம், அவர் மகளும் அங்கேதான். இந்தத் தெருக்காரர்கள் படித்த சீனமொழி நாளிதழ் ஒன்று 1969 முதல் வந்துகொண்டிருந்தது. 2020 பெருந்தொற்றோடு அதுவும் நின்றுபோனது.

போர் பாதிப் பேரை அனுப்பியது என்றால் மீதியை முடித்தது நீதிமன்றம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டாங்ராவும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து சுமார் 550 தோல் ஷாப்புகள் நகரத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பத்தில் ஒன்பது குரோமியம் போட்டுப் பதனிடுபவை. சாக்கடையில் போன கழிவைப் பார்த்தால் தீர்ப்பைத் தப்பென்று சொல்ல முடியாது. பான்தலாவில் புதிய தோல் வளாகம் எழுந்தது. வசதி இருந்தவர்கள் அங்கே போனார்கள், இல்லாதவர்கள் அடுப்பு மூட்டினார்கள்.

"எங்கள் ஷாப்" என்று பெரியவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று நெருடியது. குழிக்குள் இறங்கியது யார்? கேட்டேன். "பிகார் ஆட்கள். சமார்கள்" என்றார். அவர்கள் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. தாராவியிலும் இப்படித்தான். ஷாப் ஒருவருடையது, குழி இன்னொருவருடையது. என் தாத்தா குழிக்காரர். விருந்தாளிக்கும் கீழே ஒரு பந்தி இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தெருவில் பெயர்ப்பலகை கிடையாது.

அங்கிருந்து சீனக் காளி கோயிலுக்கு நடந்தேன். பூசாரி வங்காளி, கும்பிடுபவர்களில் சீனர்களும் உண்டு. அம்மனுக்கு நூடுல்ஸ் படைப்பார்கள். செம்பருத்தி மாலைக்கு முன்னால் ஊதுபத்திக் கட்டொன்று புகைந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் அம்மனுக்குக் கருவாட்டுக் குழம்பு படைத்தவர்கள் நாங்கள். எனக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது டாங்ராவின் வானத்தைப் பார்த்தேன். மதில்களுக்குப் பின்னால் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. நூறு வருஷமாக யாரும் கேட்காத நிலம் இப்போது எல்லாருக்கும் வேண்டும். நாற்றம் அடித்தவரை அந்தத் தெருவுக்கு அதுதான் வேலி. வேலியைப் பிடுங்கியது நல்லதுக்குத்தான். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குக் காவல் வேறில்லை.

தாராவியில் பதனிடும் வேலை ஓய்ந்து பல வருஷம் ஆகிறது. பைகளும் பெல்ட்டுகளும் தைக்கிறார்கள், தோல் வெளியூரிலிருந்து வருகிறது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்துக்காக வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து எண் எழுதியாயிற்று. 2024-இல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்காக ஒதுக்கிய நிலங்களில் தேவ்நார்க் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் உண்டு.

லோகமான்ய திலக் முனையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கோவண்டி தாண்டும்போது காற்று திரும்பியது. ஆட்டோக்காரர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் தாராவியிலிருந்து அம்மாவின் அழைப்பு.

"எங்களையெல்லாம் உங்க பக்கம் அனுப்பப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களேப்பா. அங்க நாத்தம் எப்படி இருக்கும்?"

"தாத்தா வர்ற நேரம் மாதிரி இருக்கும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மா கேட்டாள்: "சாப்பிட்டியா?"