சூடு ஆறாமல் கட்டிய ஆறு மூட்டை

"என்னங்க, இந்த மூட்டையில பூசண வாடை அடிக்குது, வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டபோது, நான் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். போய்க் கையை உள்ளே விட்டேன். மேலே நன்றாக இருந்த குச்சித் தீவனம் நடுவில் கட்டி கட்டியாக இருந்தது. உடைத்தால் உள்ளே பச்சைப் பூசணம்.

எங்களிடம் நான்கு கறவை மாடுகள். கடைத் தீவனம் கட்டுப்படியாகாமல் சின்னக் குச்சித் தீவன மெஷின் ஒன்று வாங்கினோம். 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 20, அரிசித் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 கிலோ. தூளாக வைத்தால் மாடு பிடித்ததைத் தின்று மிச்சத்தை ஒதுக்கும். குச்சியில் அது நடக்காது. சேதாரமும் குறைவு.

தப்பு என்னுடையதுதான். ஐப்பசி அடைமழை, கரண்ட் போய்விடுமோ என்ற அவசரம். கை பொறுக்காத சூட்டிலேயே குச்சியைச் சாக்கில் அள்ளித் தைத்து, சிமென்ட் தரையில் சுவரை ஒட்டி அடுக்கிவிட்டேன். ஆவி வெளியேற வழியில்லாமல் மூட்டைக்குள்ளேயே வேர்த்துவிட்டது. இரண்டு நாளாகச் செவலை தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தள்ளியதை, மழைக்குளிர் என்று நினைத்தேன்.

ஆறு மூட்டை, 300 கிலோ. வெயிலில் காயவைத்து நல்ல தீவனத்தோடு கலந்துவிடலாமா என்று மனசு அலைந்தது. கால்நடை மருத்துவர் ஒரேயடியாக மறுத்தார். பூசணம் பிடித்த புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். பூசணம் காய்ந்தாலும் நஞ்சு போகாது. மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும், பாலைக் காய்ச்சினாலும் நிற்கும் என்றார். இந்தியத் தர அளவுப்படி ஒரு டன் மாட்டுத் தீவனத்தில் இது 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்குக் கேட்டார். கோழி, வாத்துக்கு இது இன்னும் ஆபத்து. குழி வெட்டிப் புதைத்தோம். நான்கு நாள் பாலைக் கீழே ஊற்றினோம். அதற்கு முந்தைய இரண்டு நாள் பால் சொசைட்டிக்குப் போய்விட்டது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது மக்காச்சோளத்தைக் கடித்துப் பார்த்து, 'கடக்'கென்று உடைந்தால்தான் அரைக்கிறோம். புண்ணாக்கை உடைத்துப் பார்த்து வாங்குகிறோம். குச்சியைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, ஃபேன் போட்டு, கிளறிவிட்டு, முழுக்க ஆறிய பிறகே சாக்கில் பிடிக்கிறோம். தரைக்கு அரை அடி மேலே மரப்பலகை, சுவருக்கு ஒன்றரை அடி இடைவெளி. மூட்டையில் தேதி எழுதுகிறோம். மழைக்காலத்தில் 15 நாள் தேவைக்கு மேல் தயாரிப்பதில்லை.

அரைக்கும் முன் காந்தத்தால் கலவையைத் துழாவுகிறோம். ஒரு ஆணி போதும், மாட்டின் வயிற்றைக் குத்தி இதயம் வரை போய்விடும். மெஷின் அடைத்துக்கொண்டால் மெயின் சுவிட்சை அணைக்காமல் கை வைப்பதில்லை. தோளில் துண்டு கிடையாது, மூக்கில் துணி உண்டு. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லை.

குச்சி ஆறக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். அதைப் பொறுக்காததற்குத்தான் 300 கிலோவைப் புதைத்தேன்.