ஆழம் தாங்கும் கடிகாரம்

கடலே இல்லாத சேலம், நாமக்கல் சீமையில் உட்கார்ந்துகொண்டு, கடலில் முக்குளிப்பவர்கள் கட்டும் வாட்ச்சைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். கடல் இல்லாவிட்டால் என்ன, நமக்கு மேட்டூர் அணை இருக்கிறதே!

அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி, அதாவது சுமார் 36 மீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கிலோ அழுத்தம் என்று ஹைட்ராலிக்ஸில் படித்திருக்கிறோம். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாட்ச் கண்ணாடியின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் அணையின் அடியில் அந்தக் கண்ணாடி மேல் 25 கிலோ! அரை மூட்டை சிமெண்ட். 200 மீட்டரில் 140 கிலோ. இதைத் தாங்கி உள்ளே சொட்டுத் தண்ணீர் விடாமல் காப்பதுதான் கேஸ் எனப்படும் வெளிக்கூட்டின் வேலை.

1926-ல் ரோலக்ஸ் 'ஆய்ஸ்டர்' வந்தது. பின்மூடியையும் சாவி கொடுக்கும் குமிழையும் மரை போட்டு இறுக்கினார்கள். 1953-ல் பிளாங்பெய்னின் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்', ரோலக்ஸின் 'சப்மரைனர்' இரண்டும் பிறந்தன. அந்தக் காலத்து சப்மரைனரில் குமிழுக்குத் தடுப்பு கிடையாது, கண்ணாடி அக்ரிலிக். இன்றைய வாட்ச்சில் குமிழின் இருபுறமும் தோள் மாதிரி தடுப்பு. எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி. கூடும் பெருத்துவிட்டது.

இதில் நம்ம ஓசூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஃபாவ்ர்-லூபா என்ற சுவிஸ் கம்பெனி 1960-களில் 'பேத்தி' என்று ஒரு வாட்ச் செய்தது (தாத்தா பேத்தி இல்லைங்க!). மற்ற வாட்ச்சுகள் தண்ணீரை வெளியே நிறுத்தின; இதுவோ பின்பக்க அறைக்குள் தண்ணீரை விட்டது. அந்த அழுத்தத்தில் மெல்லிய தகடு வளைந்து ஆழம் காட்டும் முள்ளை நகர்த்தும். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் 2011-ல் அந்தக் கம்பெனியை வாங்கி 2023-ல் விற்றது. இடையில் வந்த புதிய 'பேத்தி', 120 மீட்டர் வரை ஆழம் காட்டியதோடு, இறங்கிய அதிகபட்ச ஆழத்தையும் ஒரு முள்ளில் நினைவு வைத்துக்கொண்டது.

ஆனால் என் மனதைத் தொட்டது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்தான். இறங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்த்த உடனே தெரியும். ஆரம்பகால சப்மரைனரில் அது இருபுறமும் சுழன்றது. பாறையில் உரசி வளையம் நகர்ந்தால் 20 நிமிடத்தை 15 என்று காட்டிவிடலாம். சிலிண்டரில் காற்று தீர்ந்தால் கதி? இன்றைய வளையம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மட்டுமே சுழலும். தவறி நகர்ந்தாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஆள் முன்னாடியே மேலே வந்துவிடுவார். தானாகச் சுழலாத ஏற்பாடு வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 6425 விதியும் சொல்கிறது.

இதைப் படித்தபோது எங்கம்மா ஞாபகம் வந்தது. அப்பா கிணற்றில் முங்கி ஃபுட்வால்வு அடைப்பு எடுப்பவர். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா மேலே நின்று எண்ணும். அறுபது வந்தால் இழுக்க வேண்டும். அம்மாவின் அறுபது நாற்பது விநாடியில் வந்துவிடும்! "ஏம்புள்ள இத்தனை அவசரம்? வேலை முடியலியே" என்பார் அப்பா. "இன்னொருக்கா முங்குனாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டும் அம்மா.

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத அம்மாவின் எண்ணிக்கையும் சுவிஸ்காரன் வளையமும் ஒரே பக்கம்தான் பிசகும். உயிரைக் காக்கிற பக்கம்! நண்பர்களே, நாளை நாம் வால்வோ, பிரேக்கோ, பாய்லரோ எதற்கு டிராயிங் போட்டாலும், அளவு எழுதுமுன் இதைக் கேட்போம்: இது பிசகினால் எந்தப் பக்கம் பிசகும்?