தோழர் நிறுவிய மாட்யூல்

சென்ற ஆண்டு, செய்முறைத் திட்டத்தை ஒப்புவிக்கவேண்டிய நாளுக்கு முந்திய இரவில், யாம் எழுதிய பைத்தான் நிரல் ‘பாண்டாஸ் என்னும் மாட்யூல் இல்லை’ என்றுரைத்து நின்றுவிட்டது. அதனை நிறுவும் பொறுப்பு எம் அறைத்தோழருடையது. “மாலையிலேயே நிறுவிவிட்டேன்” என்று அவர் சாதித்தார். யாமோ நாவடக்கமின்றி, “பொய்யுரைக்கின்றீர்” என்று கடிந்தோம். அவர் மறுமொழி கூறாது வெளியேறினார்.

நள்ளிரவு கடந்தபின்னரே, இயங்குவது எந்தப் பைத்தான் என்று காட்டும் ஸிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதை அச்சிட்டுப் பார்த்தோம். நிரலை இயக்கியது 3.11, வெறுமனே ‘பிப்’ என்று ஏவினால் வரும் நிறுவியோ, அதே கணினியிலிருந்த 3.8-க்கு உரியது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனிப் பண்டசாலை உண்டு. ஒன்றில் வைத்ததை மற்றொன்று தேடுவதில்லை. தோழர் நிறுவியது மெய்யே, வீடுதான் வேறு! ‘பைத்தான்3.11 -எம் பிப்’ எனப் பதிப்பைக் குறித்து ஏவி, மாட்யூலை மீண்டும் நிறுவவே நிரல் ஓடிற்று. திட்டந்தோறும் தனிச் சூழல் அமைத்துக்கொள்ள உதவும் வென்வ், 2012-இல் வெளியான 3.3 முதலே பைத்தானுடன் வருகின்றது. யாம் சோம்பலால் அதனை நாடினோமில்லை.

விடிந்ததும் அவரைத் தேடிச் சென்றோம். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், யாம் வாய் திறக்குமுன், “ஓடிற்றா?” என்று வினவினார்.