நீலம் நடுவில்

2024 அக்டோபர் 5, சனி

தம்பி குடும்பம் மாடி அறையைக் காலி செய்து ஒரு மாதமாகிறது. என் மேசையை அங்கே ஏற்றிவிட வேண்டும். கிளியரிங் ஏஜென்ட் ஒருவருக்கு வீட்டிலிருந்தே ஷிப்பிங் பில் போட்டுக் கொடுக்கிறேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நிற்கிற நேரத்தில் என் லைன் அறுந்தால், அந்த டிரைவருக்குச் சாப்பாடு இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். காலடிப்பேட்டையில் எங்களுடையது காரைச் சுவர் வீடு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டி வைஃபை மாடி அறைக்குள் வருவதில்லை. ஒயர்தான் இழுக்க வேண்டும்.

புதிதாக இழுப்பதற்கு முன் இருப்பதைப் பார்க்கலாம் என்று கூடத்து ஜன்னலுக்கு மேலே உள்ள துளையில் டார்ச் அடித்தேன். ஐந்து ஒயர்கள். கறுப்பில் ஒல்லியானது டெலிபோன் டிராப் ஒயர், தடித்தது கேபிள் டிவி. மீதி மூன்றும் சாம்பல் நிற லேன் கேபிள்கள். எது எங்கே போகிறதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்பா விடவில்லை. டெலிபோனில் கேபிள் ஜாயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களின் பள்ளங்களில் பாதி ஆயுளைக் கழித்தவர். "ரெண்டு முனையும் கையில வர்ற வரைக்கும் எதையும் வெட்டாதம்மா" என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை முழுக்க ஒயர் படித்தேன். படித்தேன் என்பதுதான் சரியான சொல். லேன் கேபிளின் தோலில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் எண் அச்சாகியிருக்கும். 305 மீட்டர் பெட்டியிலிருந்து வெட்டும்போது அந்த எண்ணும் கூடவே வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்தபோது கூடத்து முனையில் 118 தெரிந்தது. மாடிப்படித் தலைப்பில் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்திருந்த ஒரு முனையில் 141. எழுத்தும் ஒன்றே, கம்பெனிப் பெயரும் ஒன்றே. 23 மீட்டர் ஒயர், நடுவில் வெட்டில்லாமல் ஒரே துண்டாக இருக்கலாம். தோலில் 'கேட் 5இ' என்று இருந்தது. கிகாபிட் வேகத்தைத் தாங்கும் ரகம்.

இரண்டாவது ஒயர் மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம் தொங்கியது. 2000களின் தொடக்கத்தில் கேபிள் டிவிக்காரர்கள் மாடிக்கு மாடி லேன் ஒயர் இழுத்து இன்டர்நெட் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒயர் இது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு டெலிபோன் கம்பியிலேயே இணைப்பு கிடைத்துவிட்டது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்தத் தெருவின் தலைக்கு மேலிருந்த ஒயர்களையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது இதுவும் அறுந்திருக்க வேண்டும். யாரோ முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தேன். தாமிரம் முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் உதிர்ந்தது. "கடலோரத்துல ஒயரு சாவுறதுக்கு முன்னாடி ஜாயிண்ட்டு செத்துடும்" என்றார் அப்பா. உப்புக் காற்றுக்கு டேப் ஒரு தடையே இல்லை.

மூன்றாவதன் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி. தாமிர முலாம் பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், இரண்டு முறை மடக்கினால் முறியும், தூரம் கூடினால் நம்ப முடியாது. இதை வெட்டலாம்.

அக்டோபர் 9, புதன்

தெருவில் கேபிள் வேலை பார்க்கும் பையன் லைன் ட்ரேசர் கொண்டுவந்தான். ஒரு முனையில் சின்னப் பெட்டியை மாட்டினால் ஒயருக்குள் ஒரு சத்தம் ஓடும். பேனா போன்ற கருவியைச் சுவரோரம் நகர்த்தினால் அது ஓடும் இடத்தில் கூவும். கூடத்திலிருந்து படிக்கட்டு வரை சத்தம் எங்கும் அறுபடவில்லை. "அக்கா, இந்த ஒயரு சாவல. நல்லாதான் கீது" என்றான்.

ஆனால் டெஸ்டரில் எட்டு விளக்குகளில் நான்குதான் எரிந்தன: 1, 2, 3, 6. மீதி நான்கும் இருட்டு. பழைய பிளக்கை வெட்டித் தோலை உரித்தபோது காரணம் தெரிந்தது. ஆரஞ்சும் பச்சையும் மட்டுமே பிளக்குக்குள் போயிருந்தன. நீல ஜோடியைப் பிரித்துத் தம்பி அறையின் டெலிபோனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒயரில் போனும் இன்டர்நெட்டும். தவறில்லை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடியே போதும். கிகாபிட்டுக்குத்தான் நான்கும் வேண்டும்.

பிரவுன் ஜோடியைப் பார்த்துத்தான் அசந்து போனேன். வேண்டாத கம்பி என்று அன்று வேலை செய்தவர் வெட்டவில்லை. ஒரு சாண் நீளம் விட்டு, பின்னுக்கு மடித்து, தோலின் மேல் அழகாகச் சுற்றி வைத்திருக்கிறார். மறு முனையிலும் அப்படியே. யார் அவர், எந்தத் தெருக்காரர், எதுவும் தெரியாது. இருபது வருடம் கழித்து ஒருவர் வந்து திறப்பார் என்று நினைத்து வேலை செய்திருக்கிறார்.

அக்டோபர் 10, வியாழன்

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெரு. முழுத் தாமிர கேட் 6 ஒயர் 12 மீட்டர், சுவர்ப் பெட்டி, அதற்கு இரண்டு ஜாக், கிரிம்பிங் டூல், பஞ்ச் டூல். கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை.

இரவு அப்பாவுக்கு 'பி' நிற வரிசையைக் காட்டினேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடியைப் பிளந்து நீலம் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு எப்போதும் கேள்வி. அப்பா பார்த்த உடனே சொன்னார்: "டெலிபோன் பிளக்குல நடு ரெண்டு கம்பிதானம்மா பேசும். அதுல முதல் ஜோடி வரணும். முதல் ஜோடி நீலம்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட் என்று சொல்லத் தொடங்கினார். அந்த ஐந்தோடு வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வயலட் ஐந்தும் சேர்ந்தால் 25 ஜோடி. ஒன்றுபோல் இன்னொன்று இராது. ஜெல்லி கேபிளில் அவர் வருடக்கணக்காகப் பிரித்த நிறங்கள். லேன் கேபிளின் நான்கு ஜோடிகள் அந்த வரிசையின் முதல் நான்கு. இத்தனை வருடம் அவருடைய வேலையும் என் வேலையும் வேறு வேறு என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

கிரிம்பிங் டூலுக்கும் அப்பாவின் பழைய இடுக்கிக்கும் சந்தனம், குங்குமம். இன்று கருவியைத் தொடக் கூடாது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

படித்தலைப்பிலிருந்து அறை இன்னும் 9 மீட்டர். அப்பாவின் டப்பாவில் கம்பியோடு கம்பியை ஒட்டும், ஜெல் நிரப்பிய யூஒய் கனெக்டர்கள் இருந்தன. ஈரம் புகாத அருமையான சாமான், டெலிபோனுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் லேன் ஒயரின் உயிர் முறுக்கில் இருக்கிறது. முறுக்கிய ஜோடிக்கு கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை வாங்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் மறு முனையில் கழிந்துவிடுகிறது. முறுக்கைப் பிரித்த இடத்தில் அந்தக் கணக்கு கெடும். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. எட்டுக் கம்பிகளைத் தனித்தனியாக ஒட்டினால் அந்த அளவு தாண்டிவிடும்.

அதனால் படித்தலைப்பில் சுவர்ப் பெட்டி வைத்தோம். பழைய ஒயர் ஒரு ஜாக்கில், அறைக்குப் போகும் புது ஒயர் இன்னொன்றில், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய பேட்ச் கார்டு. பிரித்த பிரவுன் ஜோடி ஒரு சாண் மிச்சம் இருந்ததால் எளிதாக எட்டியது. நீலத்தை போனிலிருந்து விடுவித்தோம். அந்த போன் இப்போது இல்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அப்பாதான் கம்பிகளைப் பஞ்ச் செய்தார். கை நடுங்கவில்லை.

மின்சார ஒயர் போகும் குழாயை விட்டு ஒரு முழம் தள்ளிப் புது ஒயரை ஓட்டினோம். மொட்டை மாடி தாண்டிப் போன செத்த ஒயரை முழுக்கக் கழற்றினேன். ஐப்பசி இடியில் அது கூடத்துக்கு மின்னலை அழைத்து வரும் பாதை.

டெஸ்டரில் எட்டும் எரிந்தன.

அக்டோபர் 15, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. மாடி அறையில் கிகாபிட் வருகிறது. மதியத்துக்குள் ஏழு பில் போட்டாகிவிட்டது. லைன் ஒரு முறைகூட அறுபடவில்லை.

சாயங்காலம் அப்பா கறுப்பு மார்க்கரோடு படியேறி வந்தார். பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன்: கூடம்–படி 23 மீட்டர், பழையது, கேட் 5இ. படி–அறை 9 மீட்டர், புதியது, கேட் 6, மிச்சம் அலமாரிக்குப் பின்னால் சுற்றி இருக்கிறது. நிற வரிசை பி. 12-10-2024. அவர் வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார்: முதலில் வேலை செய்தவர் பிரவுன் ஜோடியை வெட்டாமல் வைத்திருந்தார்.