குடை பிடித்த பள்ளிவாசல்

கடந்த விடுமுறையில் குடும்பத்தோடு கோலாலம்பூர் போயிருந்தோம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், 1909இல் திறந்த மஸ்ஜித் ஜாமெக். முகலாயப் பாணியில் சிவப்பும் வெள்ளையுமான வளைவுகள். அங்கிருந்து நடந்தே போகலாம், 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலுக்கு. அதற்குப் பெரிய குப்பாவே இல்லை! மடிப்பு மடிப்பாய் விரிந்த குடைதான் கூரை. வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நாட்டுக்குப் பொருத்தமான கூரை.

புதியது வந்தும் பழையதை அவர்கள் இடிக்கவில்லை. நம் ஊர்களில் பலவேளை ஓட்டுக்கூரைப் பள்ளியை உடைத்துவிட்டுத்தான் குப்பா எழுப்புகிறோம். மூத்தவாப்பாமார் தொழுத ஒரு மண்டபத்தையாவது மிச்சம் வைப்போமே. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.