வண்டியில் போன் மாட்டுகிறவர்கள் கவனத்துக்கு



இப்போது வருகிற கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா அழைப்பிதழ் எதை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கிறது. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது வீடு' என்று வழி எழுதிய காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு அழைப்புகளுக்குப் பஞ்சம் இல்லை. என் பழைய மாணவர்கள் எல்லோரும் பேசி வைத்ததுபோல ஊருக்கு வெளியே புது லேஅவுட்டில்தான் வீடு கட்டுகிறார்கள். அங்கே தெருப் பலகை இருக்காது, வழி கேட்க ஒரு டீக்கடைகூட இருக்காது. மேப்பைப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. கூகுள் மேப்பில் இருசக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டல் 2017 டிசம்பரில் முதன்முதலில் இந்தியாவுக்குத்தான் வந்தது. நம் சந்துபொந்துகளை அவர்களும் பார்த்திருப்பார்கள் போலும்.

மேப் வந்துவிட்டது. போனை எங்கே வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி. இடது கையில் போனும் வலது கையில் ஆக்சிலேட்டருமாகப் போகிறவர்கள் உண்டு. தொடைக்கு அடியில் வைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஹெல்மெட்டுக்குள் காதோரம் செருகிக்கொண்டு, அந்த அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டே போகிறவர்களும் உண்டு. பின்னால் உட்கார்ந்த மனைவி போனைப் பிடித்துக்கொண்டு 'லெஃப்டுங்க, லெஃப்டுங்க' என்று தோளில் தட்டுவது எங்கள் வீட்டு முறை. இதில் ஒரு வசதி, வழி தவறினாலும் பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது. ஆனால் தனியாகப் போகிறவர் ஹோல்டர்தான் மாட்ட வேண்டும். மாட்டுவதென்றால் எப்படி மாட்டுவது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

என் மாணவன் ஒருவன் சேலத்தில் உணவு டெலிவரி செய்கிறான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு, நல்ல பையன். அவனுக்குப் போன்தான் பிழைப்பு. ஆர்டர் அதில் வருகிறது, வழி அதில் தெரிகிறது, கூலியும் அதில்தான் ஏறுகிறது. கடைத்தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய ஹோல்டரில் மாட்டியிருந்தான். ஐந்து ரோடு பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் போன் துள்ளி நடுரோட்டில் விழுந்தது. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சார், போன் விழுந்தது தெரிஞ்சதுதான் தெரியும். கை தானா பிரேக்கப் புடிச்சிருச்சுங்க. கழுத்து தானா பின்னாடி திரும்பிருச்சு. பின்னாடி டிப்பர் லாரி வந்துட்டிருந்துச்சுங்க சார். அந்த டிரைவர் அண்ணன் ஒடிச்சாரு, நான் பொழச்சேன்."

போன் மேல் ஒரு பஸ் ஏறிவிட்டது. அதற்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி. வேறு போன் கடன் வாங்கி வேலைக்குத் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் அவனைத் திட்டியதெல்லாம் போன் போனதற்காகத்தான். எனக்கு அந்த 'தானா' என்ற சொல்தான் மனதில் நின்றது. விலை உயர்ந்த பொருள் கையை விட்டு விழும்போது உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஹோல்டரைக் கெட்டியாக மாட்டுவது போனைக் காப்பாற்றுவதற்கு என்று நினைக்காதீர்கள். அது விழுகிற அந்த ஒரு நொடியில் நீங்கள் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கு.

இயற்பியல் வாத்தியார் இயற்பியல் பேசாமல் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள். கேஸோடு ஒரு போன் சுமார் 200 கிராம் என்று வையுங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது புவியீர்ப்பைப்போல ஐந்து மடங்கு முடுக்கம் கிடைத்தால், அந்த நொடியில் அது ஒரு கிலோ எடைபோல ஹோல்டரை இழுக்கும். ஹோல்டரின் தண்டு நீளமாக இருந்தால் அந்த ஒரு கிலோ நெம்புகோலின் முனையில் தொங்குகிறது என்று அர்த்தம். தண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கடையில் நீளக் கழுத்து வளைத்துக் காட்டி 'எப்படி வேணா திருப்பிக்கலாம் சார்' என்பார்கள். அப்படித் திருப்ப முடிவதை ஓடும்போது வண்டியும் திருப்பும்.

எங்கே மாட்டுவது? பைக்கில் ஹேண்டில்பார் வெளியே தெரியும். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் குழாய்தான். அதைக் கவ்வும் கிளாம்ப் உலோகத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கினால் நழுவாது, பெயின்டும் கீறாது. முடிந்தவரை நடுவில், மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். போன் டேங்கில் இடிக்கிறதா, கிளட்ச் கேபிளையோ ஆக்சிலேட்டர் கேபிளையோ நெருக்குகிறதா என்று தெரிந்துவிடும். திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டால் வண்டி தானாக உறுமும். பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பும்போது அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கூட்டரில் ஹேண்டில்பார் உறைக்குள் மறைந்திருக்கும். அங்கே சைடு மிரரின் தண்டு நுழைகிற இடத்தில்தான் மாட்ட முடியும். அதற்கென்றே ஓட்டை போட்ட தகட்டோடு ஹோல்டர் வருகிறது. ஒரு எச்சரிக்கை: யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். இறுக்குவதாக நினைத்துக் கழற்றுவதும், கழற்றுவதாக நினைத்து இறுக்கி மரையைக் கெடுப்பதும் அங்கேதான். கண்ணாடியை ஹோல்டருக்காக வளைத்துவிட்டு, பின்னால் வருவது தெரியாமல் ஓட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். கண்ணாடி முதலில், மேப் அப்புறம்.

ஹோல்டரில் பல ஜாதி. ஸ்பிரிங் மட்டும் போட்டுப் பிடிப்பவை வீட்டு மேஜைக்கு ஆகும், வண்டிக்கு ஆகாது. நான்கு மூலையையும் கொக்கிபோலப் பிடித்து, பின்னால் உள்ள திருகை இறுக்கியதும் பூட்டிக்கொள்கிற வகை நம் சாலைக்கு நன்றாகத் தாங்குகிறது. போனின் கேஸிலேயே ஒரு பூட்டு இருந்து, வைத்துத் திருகினால் உட்கார்ந்துகொள்ளும் வகையும் உண்டு. நல்ல சாமான்தான், விலைதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வெறும் காந்தத்தை நம்பி இருசக்கர வண்டியில் மாட்டாதீர்கள். எந்த வகையானாலும் ஒரு கயிறு கட்டாயம். என் மாணவன் பழைய ஐடி கார்டு டேக்கை எடுத்து, ஒரு முனையைப் போன் கேஸிலும் மறுமுனையை ஹேண்டில்பாரிலும் கட்டியிருக்கிறான், சக்கரத்தில் சிக்காத அளவுக்குக் குட்டையாக. இப்போது போன் நழுவினாலும் முழங்கால் பக்கம் தொங்குமே தவிர ரோட்டுக்குப் போகாது. ஓரம் கட்டி நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் செலவில்லை.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இன்றைய போன் கேமரா பலவற்றில் கை நடுங்கினாலும் படம் கலங்காமல் இருக்க ஒரு ஏற்பாடு இருக்கிறது. லென்ஸையோ சென்சாரையோ நுண்ணிய தாங்கியில் மிதக்கவிட்டு, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு நகர்த்துவார்கள். எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை ஜைரோஸ்கோப் சொல்லும். பைக் இன்ஜின் நிமிஷத்துக்கு 6000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 அதிர்வு. அது கிளாம்ப் வழியாக நேரே போனுக்குள் போகிறது. சக்திவாய்ந்த இன்ஜின்களின் அதிர்வு நாளடைவில் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஐபோனை அத்தகைய மோட்டார் சைக்கிளில் மாட்ட வேண்டாம் என்றும், சிறிய ஸ்கூட்டர்களில் மாட்டினாலும் அதிர்வைத் தணிக்கும் ஹோல்டரைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னார்கள். மற்ற கம்பெனி போன்களிலும் இதே அமைப்பு இருந்தால் இதே கதைதான். பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள், ஹோல்டருக்கும் கிளாம்புக்கும் நடுவில் ரப்பரோ சிலிக்கானோ வைத்த டேம்பர் வாங்கிப் போடுங்கள். அல்லது வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றை மேப்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். அதற்கு இன்டர்நெட்டை உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் கொடுத்துக்கொள்ளும்.

சார்ஜர் பற்றிச் சுருக்கமாக: வண்டி பேட்டரி 12 வோல்ட், போனுக்கு 5 வோல்ட் போதும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற வயரிலிருந்து, நடுவில் ஃபியூஸ் போட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் எடுங்கள். புது வண்டியாக இருந்தால் வயரில் கை வைக்குமுன் வாரண்டியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறோம், வெயில் வந்தும் அதைக் கழற்றுவதில்லை. சித்திரை வெயிலில், உறைக்குள், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் போன் கொதித்து, திரை மங்கி, கடைசியில் அணைந்தே போகும். அதுவும் சரியாக நாற்சந்தி வரும்போதுதான் அணையும்.

எல்லாம் கெட்டியாக மாட்டியாயிற்று. இனி அடுத்த ஆபத்து, போன் கண்ணெதிரே இருப்பதுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறோம். மேப்பை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர். ஏறக்குறைய மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்திய தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். அதனால் கிளம்புமுன் வழியை ஒருமுறை முழுக்கப் பார்த்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குரல் வழிகாட்டலை உரக்க வையுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். திரையை நகர்த்தவோ பெரிதாக்கவோ வேண்டியிருந்தால் ஓரம் கட்டுங்கள். 2018-இல் வந்த டிவிஎஸ் என்டார்க் போன்ற வண்டிகளில் புளூடூத் மூலம் மீட்டரிலேயே திருப்பத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. ராயல் என்ஃபீல்டும் 2020-இல் மீட்டியாரில் அதற்கென்று ஒரு சின்ன வட்டத்திரை வைத்தது. அம்புக்குறி மட்டும் காட்டும் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் கண் அங்கே தங்குவதில்லை.

போலீஸ் பிடிப்பார்களா என்று ஒருவர் கேட்டார். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது. கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டினால் அது 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ உண்டு.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும், டவர் தேவையில்லை. டவர் வேண்டியது மேப் படத்தை இறக்குவதற்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுமுன், அடிவாரத்தில் அல்ல, வீட்டிலேயே அந்தப் பகுதி மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கிய பிறகு ஆலன் கீ எடுத்து எல்லாத் திருகையும் ஒருமுறை பாருங்கள். அதிர்வில் நட்டு தளர்வது கண்ணுக்குத் தெரியாது.

தினமும் கிளம்புமுன் போனைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுங்கள். போன் மட்டும் ஆடினால் இறுக்க வேண்டும். வண்டியின் முன்பக்கமே சேர்ந்து ஆடினால் கிளம்பலாம்.