கோல் போஸ்ட்டும் கோட்டைச் சுவரும்

சென்னைக்கு விருந்தாளி வந்தால் செம்மொழிப் பூங்காவுக்கோ கிண்டிக்கோ கூட்டிப்போவோம். பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே யாரும் வண்டியைத் திருப்புவதில்லை. பூ பார்க்க விரும்புகிறவர்களுக்கு அங்கே பெரிதாக வேலையும் இல்லை. மனிதர்களைப் பார்க்கப் பிடிக்கும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வடசென்னைக்கு ஒதுக்கலாம்.

எம்.கே.பி. நகரில், அதாவது மகாகவி பாரதி நகரில், பஸ்ஸை விட்டு இறங்கி முல்லை நகர் மைதானத்துக்கு நடந்தேன். காலை ஆறரைக்கே புழுதி கிளம்பியிருந்தது. புல் கிடையாது, பையன்களும் பெண் பிள்ளைகளும் மண்ணில்தான் ஓடுகிறார்கள். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் கேஸ் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் மைதானத்தின் குறுக்கே உருட்டி வந்தார். கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த பையன் பந்தைச் சட்டென்று காலடியில் நிறுத்தினான். "போண்ணா, போ." சைக்கிள் கடந்தது, ஆட்டம் தொடர்ந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

இந்த மைதானம் இருக்கும் வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. இங்கே வளர்ந்த தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கால்பந்து அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகச் சென்னையின் எஃப்.சி.க்கு ஒரு கோல் அடித்தார். அந்த முறை கோப்பையும் சென்னைக்கே வந்தது.

அந்தக் கோல் விழுந்த நேரு ஸ்டேடியத்தின் நிலத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெலியன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் பரந்து கிடந்த பகுதி அது. பிறகு விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை என்று ஒவ்வொன்றாக எழும்பி, பூங்கா கரைந்தே போனது. காலி இடம் என்று பெயர் வாங்கிவிட்டால் எந்த நிலமும் தப்பாது. தினமும் ஆட்கள் புழங்கும் இடத்தில் கை வைக்கத்தான் யோசிப்பார்கள். ஆள் நடமாட்டம்தான் அதற்கு வேலி.

ராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்காவுக்குள் நுழைந்தபோதும் அதையே நினைத்துக்கொண்டேன். பழைய பெயர் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் இங்கேதான், கொட்டும் மழையில் நடந்தது. இன்றைக்கும் பெஞ்சுகளில் அரசியல் ஓயவில்லை. பெரியவர்கள் இருவர் ஒரே நாளிதழை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காத பாதியைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது இடம் பழைய ஜெயில் சாலையில் இருக்கும் மாடிப் பூங்கா. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையும் ஹைதர் அலியின் படையெடுப்பும் தந்த பயத்தில், 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவை ஈடுகட்ட ஊராரிடம் வரி கேட்கத் திட்டம் போட்டார்கள், அது நிறைவேறவில்லை. வால் டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டின் மேல்தான் இந்தப் பூங்கா. படியேறிப் போனால் காலுக்குக் கீழே கோட்டைச் சுவர், பக்கத்தில் லாரிகளின் ஹாரன். பீரங்கிக்காகக் கட்டிய அகலம் இப்போது உட்கார்ந்து கதை பேசுவதற்குப் பயன்படுகிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையிலோ நாலு மணிக்கு மேலோ போங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் குடியேறிய பகுதி வியாசர்பாடி என்பதால், பொழுது சாய்ந்தால் அத்தோ கிடைக்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பும் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போங்கள். முல்லை நகரில் ஐந்து நிமிஷத்தில் ஏதாவது ஒரு டீமில் சேர்த்துக்கொள்வார்கள். உங்களுக்குச் செருப்புகளைக் காவல் காக்கும் வேலை காத்திருக்கும்.